ஜெர்மனில் வினையைப் பெயருக்கு முன் வைப்பது எப்படி: தமிழ்ப் பெயரெச்சத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஜெர்மனிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் மாணவி ‘எனக்கு உதவிய டாக்டருக்கு நன்றி’ என்று எழுத நினைத்து, ‘இஹ் டாங்கெ டேம் கெஹொல்ஃபெனென் ஆர்ட்ஸ்ட்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். வினையின் மூன்றாம் வடிவம் சரி, வேற்றுமை சரி, கடைசி விகுதியும் சரி. ஆனாலும் அது ஜெர்மன் வாக்கியம் இல்லை. ‘கெஹொல்ஃபென்’ என்ற சொல்லை ஒரு பெயருக்கு முன்னால் எந்த ஜெர்மானியரும் வைக்க மாட்டார்.

அவர் தவறவிட்டது ஒரு படியைத்தான். வடிவத்தை உருவாக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. மாலை வகுப்புகளில் இதே தடுமாற்றத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே பின்பற்றுங்கள்.

ஜெர்மன் சொற்களை ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வினையின் மூன்றாம் வடிவம். ‘கௌஃபென்’ என்றால் வாங்குதல். அதன் மூன்றாம் வடிவம் ‘கெகௌஃப்ட்’. இரண்டு, அந்த வினை இறந்தகாலத்தில் துணைவினையாக ‘ஹாபென்’ எடுக்குமா ‘ஸைன்’ எடுக்குமா என்பது. மூன்று, பெயரின் பால், அதாவது அதற்கு முன் வரும் ஆர்ட்டிகிள் எது என்பது: ‘டேர்’ (ஆண்பால்), ‘டீ’ (பெண்பால்), ‘டாஸ்’ (இரண்டும் அல்லாதது).

இரண்டாவதைத்தான் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். ஒரு வினையின் மூன்றாம் வடிவத்தைப் பெயருக்கு முன் வைக்கலாமா கூடாதா என்பதைப் பல இடங்களில் அதுதான் தீர்மானிக்கும். வினையை மனப்பாடம் செய்யும்போதே ‘ஹாபென்’, ‘ஸைன்’ இரண்டில் ஒன்றைச் சேர்த்தே படியுங்கள்.

2. முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

‘நேற்று வாங்கிய புத்தகம்’ ஜெர்மனில் ‘டாஸ் கெஸ்டர்ன் கெகௌஃப்டெ பூஹ்’. ‘கெஸ்டர்ன்’ நேற்று, ‘கெகௌஃப்டெ’ வாங்கிய, ‘பூஹ்’ புத்தகம். முன்னால் இருக்கும் ‘டாஸ்’ஸை எடுத்துவிட்டால் சொல் வரிசை அப்படியே தமிழ்தான்.

ஆங்கிலம் வழியாக யோசித்தால் இந்த வசதி போய்விடும். அங்கே விளக்கம் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் போய்விடுகிறது. ஜெர்மனும் தமிழும் முழு விளக்கத்தையும் பெயருக்கு முன்னாலேயே வைக்கக்கூடியவை. அதனால் மனதில் ஆங்கில வாக்கியம் வந்தால் அதை ஓரம்கட்டிவிட்டுத் தமிழ்ப் பெயரெச்சத் தொடரை எழுதிக்கொள்ளுங்கள். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிதான் ஆபத்தானது.

3. அந்தப் பெயர் யார் என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தமிழ்ப் பெயரெச்சம் தாராளமானது. அது ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். ‘சமைத்த’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பாருங்கள்.

சமைத்த அம்மா. சமைத்த பாத்திரம். சமைத்த அடுப்படி. சமைத்த சமையல். சமைத்த நேரம். சமைத்த சாப்பாடு.

ஆறுமே நமக்கு இயல்பு. அம்மா சமைத்தவர், பாத்திரத்தில் சமைத்தோம், அடுப்படி சமைத்த இடம் என்று கேட்பவருக்குத் தானாகவே புரிந்துவிடும். சொல் மாறுவதே இல்லை.

ஜெர்மன் அப்படி விடாது. சமைத்தல் ‘கொஹென்’, மூன்றாம் வடிவம் ‘கெகொஹ்ட்’. ஆறில் கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் அது பொருந்தும்: ‘டாஸ் கெகொஹ்டெ எஸென்’, சமைத்த சாப்பாடு. ‘டீ கெகொஹ்டெ முட்டர்’ என்று எழுதினால் ‘வேகவைக்கப்பட்ட அம்மா’ என்று பொருள். பாத்திரத்துக்கு முன் வைத்தால் பாத்திரத்தையே யாரோ வேகவைத்ததாக ஆகிவிடும்.

காரணம் இதுதான்: பொருளை எடுக்கும் வினைகளில் மூன்றாம் வடிவம் எப்போதும் செயலுக்கு உள்ளான பொருளைத்தான் சுட்டும். தமிழில் ‘சமைத்த’ என்று சொன்னாலும், ஜெர்மன் காதில் அது ‘சமைக்கப்பட்ட’ என்றுதான் விழும்.

எனவே சோதனை சுலபம். உங்கள் தமிழ்த் தொடரில் ‘-ப்பட்ட’ சேர்த்துப் பாருங்கள். ‘வாங்கப்பட்ட புத்தகம்’: பொருள் மாறவில்லை, மேலே போகலாம். ‘வாங்கப்பட்ட பையன்’: பொருள் கவிழ்ந்துவிட்டது, நிறுத்துங்கள்.

நின்றுவிட்டால் என்ன செய்வது? ‘டேர்’, ‘டீ’, ‘டாஸ்’ கொண்டு தொடங்கும் துணை வாக்கியம்தான் வழி. புத்தகம் வாங்கிய பையன், ‘டேர் யுங்கெ, டேர் டாஸ் பூஹ் கெகௌஃப்ட் ஹாட்’.

இடம், கருவி, காலம் மூன்றுக்கும் எப்போதும் இந்தத் துணை வாக்கியம்தான், குறுக்கு வழி கிடையாது. ‘நான் படித்த பள்ளி’ என்பதை ‘டீ கெலெர்ன்டெ ஷூலெ’ என்று எழுதாதவர்களே குறைவு. ‘டீ ஷூலெ, இன் டேர் இஹ் கெலெர்ன்ட் ஹாபெ’ என்பதே சரி. ‘வெட்டிய கத்தி’யும் அப்படித்தான். ‘டாஸ் கெஷ்னிட்டெனெ மெஸர்’ என்றால் கத்தியையே யாரோ வெட்டிவிட்டார்கள். ‘டாஸ் மெஸர், மிட் டேம் இஹ் கெஷ்னிட்டென் ஹாபெ’ என்று ‘மிட்’ போட்டுச் சொல்ல வேண்டும்.

எதிர்மறைக்கும் இதே சோதனைதான். ‘கட்டாத பில்’ என்பது ‘டீ உன்பெட்ஸால்டெ ரெஹ்னுங்’. ஆனால் ‘பணம் கட்டாத ஆள்’ என்பதற்கு அதே ‘உன்பெட்ஸால்ட்’ போட்டால் ‘சம்பளம் தரப்படாத ஆள்’ என்று ஆகும்.

4. காலத்தைக் கேளுங்கள்: முடிந்ததா, நடக்கிறதா, இனி நடக்க வேண்டியதா

பெயருக்கு முன்னால் வரக்கூடிய வடிவங்கள் மூன்று.

முடிந்த செயலுக்கு உள்ளான பொருள் என்றால் மூன்றாம் வடிவம். இதன் பெயர் பார்ட்டிட்ஸிப் 2. ‘கெகொஹ்டெஸ் ஐ’, வேகவைத்த முட்டை.

செய்துகொண்டிருப்பவர் என்றால் பார்ட்டிட்ஸிப் 1. வினையின் அகராதி வடிவத்தோடு ஒரு ‘ட்’ சேர்த்தால் போதும்: ‘ஷ்லாஃபென்’ தூங்குதல், ‘ஷ்லாஃபெண்ட்’ தூங்கும். ‘டாஸ் ஷ்லாஃபெண்டெ கிண்ட்’, தூங்கும் குழந்தை. முன் பகுதியில் கைவிட்ட அம்மா இங்கே திரும்பி வருகிறார்: ‘டீ கொஹெண்டெ முட்டர்’, சமைத்துக்கொண்டிருக்கும் அம்மா.

இனி செய்ய வேண்டியது என்றால் பார்ட்டிட்ஸிப் 1-க்கு முன் ‘ட்ஸூ’. ‘டீ ட்ஸூ லேஸெண்டென் ப்யூஹெர்’, படிக்க வேண்டிய புத்தகங்கள். தமிழின் ‘வேண்டிய’வும் ஜெர்மனின் ‘ட்ஸூ’வும் இவ்வளவு அழகாகப் பொருந்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பில்களில் ‘டேர் ட்ஸூ ட்ஸாலெண்டெ பெட்ராக்’ என்று ஒரு வரி வரும். கட்ட வேண்டிய தொகை, அவ்வளவுதான்.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தண்ணீரில் பார்க்கலாம். ‘கொஹெண்டெஸ் வாஸர்’ கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர், கை பட்டால் சுடும். ‘அப்கெகொஹ்டெஸ் வாஸர்’ கொதிக்கவைத்து எடுத்த தண்ணீர், ஆறிய பிறகும் பெயர் அதுதான். குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் குறிப்பில் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இங்கே வரும் பொதுவான தவறு: ‘அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கினேன்’ என்று எழுதும்போது ‘இருந்த’ என்ற இறந்தகாலத்தைப் பார்த்துவிட்டுப் பார்ட்டிட்ஸிப் 2-ஐத் தேடுவது. வேண்டாம். பார்ட்டிட்ஸிப் 1-க்குத் தனிக் காலம் இல்லை. வாக்கியத்தின் முக்கிய வினை எந்தக் காலமோ அதோடு சேர்ந்தே நடப்பதாகக் கொள்ளும். அதனால் நேற்று அழுதாலும் ‘டாஸ் வைனெண்டெ கிண்ட்’ தான்.

5. அந்த வினை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்

பார்ட்டிட்ஸிப் 1 ஏறக்குறைய எல்லா வினைக்கும் வரும். பார்ட்டிட்ஸிப் 2-ஐப் பெயருக்கு முன் வைக்கத்தான் நிபந்தனை உண்டு.

‘ஐ’ உருபு ஏற்கும் பொருளை எடுக்கும் வினையா? வைக்கலாம். வாங்கு, படி, எழுது, வெட்டு எல்லாம் இந்த வகை.

பொருள் எடுக்காத வினை, ஆனால் ‘ஸைன்’ எடுத்து நிலை மாற்றத்தையோ ஓர் இடத்தை அடைவதையோ சொல்கிறதா? அப்போதும் வைக்கலாம். இந்த வகையில் மட்டும் பெயரே செய்தவர். ‘டேர் அன்கெகொமெனெ ட்ஸூக்’, வந்துசேர்ந்த ரயில். ‘டாஸ் ஐன்கெஷ்லாஃபெனெ கிண்ட்’, தூங்கிவிட்ட குழந்தை.

பொருள் எடுக்காமல் ‘ஹாபென்’ எடுக்கும் வினை என்றால் முடியாது. ‘ஷ்லாஃபென்’ தூங்குதல், ‘லாஹென்’ சிரித்தல், ‘அர்பைட்டென்’ வேலைபார்த்தல். ‘தூங்கிய குழந்தை’ என்று நமக்குச் சரியாக வரும். ‘டாஸ் கெஷ்லாஃபெனெ கிண்ட்’ ஜெர்மனில் வராது. தூக்கத்துக்குள் போனதைச் சொல்லும் ‘ஐன்ஷ்லாஃபென்’ வரும், தூங்கிக் கழித்ததைச் சொல்லும் ‘ஷ்லாஃபென்’ வராது.

டாக்டர் வாக்கியம் விழுந்ததும் இதே இடத்தில்தான். உதவுதல், ‘ஹெல்ஃபென்’, ‘கு’ வேற்றுமை எடுக்கும் வினை, அதோடு ‘ஹாபென்’. மேலும் டாக்டர் உதவியவர், உதவப்பட்டவர் அல்ல. இரண்டு கதவும் மூடியிருக்கிறது. ‘டேம் ஆர்ட்ஸ்ட், டேர் மிர் கெஹொல்ஃபென் ஹாட்’ என்று துணை வாக்கியமாக எழுதியதும் சரியாகிவிட்டது.

வழக்கில் நிலைத்துப்போன விலக்குகள் சில உண்டு. ‘ஐன் கெலெர்ன்டெர் கொஹ்’ என்றால் கற்றுக்கொள்ளப்பட்ட சமையல்காரர் என்று பொருள் இல்லை. முறையாகத் தொழில் படித்துத் தேறிய சமையல்காரர். இப்படிப்பட்டதைப் பார்த்தால் தனிச் சொல்லாகவே மனப்பாடம் செய்யுங்கள். அதை வைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள்.

6. வடிவத்தை உருவாக்குங்கள்

பெரும்பாலானவற்றுக்கு முன்னால் ‘கெ’, பின்னால் ‘ட்’ அல்லது ‘என்’. ‘ஈரென்’ என்று முடியும் வினைகள் ‘கெ’ வாங்காது: ‘ரெப்பரீர்ட்’, பழுதுபார்த்த. ‘ஃபெர்’, ‘பெ’ போன்ற பிரியாத முன்னொட்டு வந்தாலும் ‘கெ’ இல்லை: ‘ஃபெர்கௌஃப்ட்’, விற்ற. பிரியும் முன்னொட்டு என்றால் ‘கெ’ நடுவில் நுழையும்: ‘அன்-கெ-கொமென்’. ‘ட்ஸூ’வும் அதே நடு இடத்தில்தான் நுழையும்: ‘ஔஸ்-ட்ஸூ-ஃப்யூலெண்ட்’, நிரப்ப வேண்டிய.

7. விகுதியைச் சேருங்கள், அதைக் கடைசியில் மட்டும்

வடிவம் கிடைத்துவிட்டால் அது சாதாரணப் பெயரடைதான். நல்ல, பெரிய என்பதற்கு ஜெர்மனில் என்ன விகுதி சேர்ப்பீர்களோ அதையே இதற்கும் சேர்க்க வேண்டும்.

டேர் கெகொஹ்டெ ரைஸ் (அந்த வேகவைத்த அரிசி)
கெகொஹ்டெர் ரைஸ் (ஆர்ட்டிகிள் இல்லாமல்)
ஐன் கெகொஹ்டெஸ் ஐ (ஒரு வேகவைத்த முட்டை)
டீ கெகொஹ்டென் ஐயெர் (அந்த வேகவைத்த முட்டைகள்)
மிட் கெகொஹ்டெம் ரைஸ் (வேகவைத்த அரிசியோடு)

தமிழில் பெயரெச்சம் பாலுக்கோ எண்ணுக்கோ மாறுவதில்லை. அதனால் நம் கை தானாகவே விகுதியை விட்டுவிடும். எழுதி முடித்ததும் இதற்கென்றே ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

மூன்றாம் வடிவமே ‘என்’ என்று முடியும் வினைகளில் ஒரு குழி இருக்கிறது. ‘கெஷ்லொஸென்’, மூடிய. இதில் உள்ள ‘என்’னைப் பார்த்ததும் விகுதி ஏற்கெனவே வந்துவிட்டது என்று நினைத்து ‘டீ கெஷ்லொஸென் ட்யூர்’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ‘என்’ வினையின் உடம்பு. விகுதி அதற்குப் பிறகு வர வேண்டும்: ‘டீ கெஷ்லொஸெனெ ட்யூர்’, மூடிய கதவு. பன்மையில் ‘கெஷ்லொஸெனென்’ என்று இரண்டு ‘என்’ அடுத்தடுத்து வரும். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

பழகுவதற்கு ஜெர்மன் சூப்பர்மார்க்கெட் அலமாரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தக்காளி டப்பாக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கெஹாக்டெ டொமாட்டென்’ நறுக்கிய தக்காளி. ‘கெஷேல்டெ டொமாட்டென்’ தோலுரித்த தக்காளி. ‘பஸீர்ட்டெ டொமாட்டென்’ அரைத்து வடிகட்டிய தக்காளி. பக்கத்தில் ‘கெமாலெனெர் காஃபே’, அரைத்த காப்பித்தூள். ஒவ்வொன்றிலும் பெயரின் பாலைப் பார்த்து விகுதி ஏன் அப்படி வந்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ‘காஃபே’ ‘டேர்’ சொல், ஆர்ட்டிகிள் இல்லை, அதனால் ‘எர்’.

8. நடுவில் வரும் சொற்களை அடுக்குங்கள்

ஆர்ட்டிகிளுக்கும் பார்ட்டிட்ஸிப்புக்கும் நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் நுழைக்கலாம். ‘நேற்று அம்மா சமைத்த சாப்பாடு’: ‘டாஸ் கெஸ்டர்ன் ஃபொன் மைனெர் முட்டர் கெகொஹ்டெ எஸென்’.

இதில் ‘ஃபொன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் அம்மா எழுவாயாக அப்படியே நிற்கிறார். ஜெர்மனில் ‘கெகொஹ்டெ’ என்பது ‘சமைக்கப்பட்ட’ என்பதால், செய்தவரை ‘அம்மாவால்’ என்றுதான் சொல்ல முடியும். அந்த ‘ஆல்’தான் ‘ஃபொன்’. தமிழ் வரிசையை நம்பி வருபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த ஒரு சொல்லைத்தான்.

பேசும்போது இவ்வளவு அடுக்காதீர்கள். இலக்கணம் சரிதான், ஆனால் அலுவலகக் கடிதம் வாசிப்பது போல் இருக்கும். பேச்சில் துணை வாக்கியமே இயல்பு. ஒன்றிரண்டு சொல் இடையில் வந்தால் பரவாயில்லை.

9. பெயருக்குப் பின்னால் வந்தால் வேறு கணக்கு

பார்ட்டிட்ஸிப் 2 ‘இஸ்ட்’டுக்குப் பிறகு தாராளமாக வரும், விகுதி இல்லாமல்: ‘டீ ட்யூர் இஸ்ட் கெஷ்லொஸென்’, கதவு மூடியிருக்கிறது.

பார்ட்டிட்ஸிப் 1 பொதுவாக அங்கே வராது. ‘குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு ‘டாஸ் கிண்ட் இஸ்ட் ஷ்லாஃபெண்ட்’ என்று எழுதுவது ஆங்கிலப் பழக்கம். ‘டாஸ் கிண்ட் ஷ்லேஃப்ட்’ என்றால் போதும்.

முழுப் பெயரடையாகவே மாறிவிட்ட சில மட்டும் விலக்கு. அவற்றில் ஒரு ஜோடியைக் கட்டாயம் பிரித்துப் படிக்க வேண்டும். ‘ஷ்பானெண்ட்’ என்றால் விறுவிறுப்பான. படம், ஆட்டம் இவற்றுக்குச் சொல்வது. ‘கெஷ்பான்ட்’ என்றால் ஆவலாக இருக்கும், மனிதருக்குச் சொல்வது. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தின் முடிவில் ‘இஹ் பின் ஷ்பானெண்ட்’ என்று எழுதினால் ‘நான் விறுவிறுப்பானவன்’ என்று ஆகிவிடும். ‘இஹ் பின் கெஷ்பான்ட் ஔஃப் ஈரெ அன்ட்வொர்ட்’, உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன், என்று எழுதுங்கள்.

10. பெயராகவே நிற்கும் சொற்கள்

‘படித்தவர்’, ‘வந்தவர்’ என்று நாம் வினையாலணையும் பெயர் அமைப்பது போல ஜெர்மனும் அமைக்கும். முதல் எழுத்து பெரிய எழுத்தாகும். பெயரானாலும் விகுதி பெயரடையின் விகுதியாகவே மாறிக்கொண்டிருக்கும்: ‘டேர் அன்கெஷ்டெல்டெ’, ஆனால் ‘ஐன் அன்கெஷ்டெல்டெர்’. பணியாளர் என்று பொருள். ‘டேர் ரைஸெண்டெ’ பயணி.

ஜெர்மனிக்குத் தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களை ‘அட்ஸூபி’ என்கிறார்களே, அதன் முழு வடிவம் ‘ஔஸ்ட்ஸூபில்டெண்டெ’. பிரித்துப் பாருங்கள்: ‘ஔஸ்பில்டென்’ பயிற்சி கொடுத்தல், நடுவில் ‘ட்ஸூ’, கடைசியில் ‘ட்’டும் விகுதியும். பயிற்சி அளிக்கப்பட வேண்டியவர். நான்காம் பகுதியில் பார்த்த ‘படிக்க வேண்டிய’ அமைப்பேதான் ஓர் ஆளைக் குறிக்கும் பெயராக நிற்கிறது.

11. கடிதத்தில் வந்தால் வாசிக்கும் முறை

அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தில் ‘டீ ஃபொன் டேர் ஔஸ்லெண்டெர்பெஹோர்டெ அன்கெஃபொர்டெர்டென் உன்டெர்லாகென்’ என்று ஒரு தொடர் இருக்கும். ‘டீ’க்குப் பின்னால் உடனே ‘ஃபொன்’ வருகிறதா? ஆர்ட்டிகிளை அடுத்துப் பெயரோ பெயரடையோ வராமல் ‘ஃபொன்’ போன்ற ஒரு முன்னிடைச்சொல் வந்தாலே உள்ளே ஒரு பெயரெச்சத் தொடர் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த முதல் ‘டீ’க்குச் சொந்தமான பெயரைத் தேடிப் பென்சிலால் கோடு போடுங்கள். இங்கே அது ‘உன்டெர்லாகென்’, ஆவணங்கள். அதற்குச் சற்று முன்னால் நிற்கும் ‘அன்கெஃபொர்டெர்டென்’ தான் பார்ட்டிட்ஸிப், கேட்கப்பட்ட. இரண்டுக்கும் கோடு போட்ட பிறகு ‘டீ’யை மறந்துவிட்டு இடமிருந்து வலமாகத் தமிழில் படியுங்கள்: வெளிநாட்டவர் அலுவலகத்தால் கேட்கப்பட்ட ஆவணங்கள். பின்னாலிருந்து முன்னால் தாவ வேண்டிய வேலையே இல்லை.

அதே கடிதத்தில் ‘பெக்ளௌபிக்டெ கொபீ’ என்று இருந்தால் சான்றொப்பமிட்ட நகல் வேண்டும். சாதாரண ஜெராக்ஸை அனுப்பினால் திரும்பி வந்துவிடும். ‘டாஸ் ஔஸ்கெஃப்யூல்டெ உண்ட் உன்டெர்ஷ்ரீபெனெ ஃபோர்முலார்’ என்றால் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம். ‘ஔஸ்ட்ஸூஃப்யூலெண்டெ’ என்று நடுவில் ‘ட்ஸூ’ தெரிந்தால் படிவம் இன்னும் காலி, நிரப்ப வேண்டியது நீங்கள்.